பெட்டியடிப் பையனும் பாஸ்வேர்டும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் என் கடையில் நிற்க இடம் இருக்காது. காரைக்குடிக்கும் கோட்டையூருக்கும் நடுவில் ஒரு ஜெராக்ஸ் கடை. நாலு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், இரண்டு பிரிண்டர், அதில் ஒன்று எப்போதும் பேப்பரை மென்றுகொண்டிருக்கும். பதினேழு வருடமாக இதுதான் பிழைப்பு. கல்லூரிக்கு விண்ணப்பம் போட வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது மெயில் ஐடி. அங்கேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

போன வருடம் ஒரு பெண்பிள்ளை அம்மாவோடு வந்தது. நல்ல மார்க், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் வேறு. "மெயில் ஐடி இருக்குண்ணே" என்று ஒரு பழைய விண்ணப்ப நகலை நீட்டியது. எட்டாம் வகுப்பில் ஏதோ உதவித்தொகைக்காக வேறொரு கடைக்காரர் போட்டுக்கொடுத்த ஐடி அது. பாஸ்வேர்டு அவருக்கே வெளிச்சம். சரி, மாற்றலாம் என்றால் ஓடிபி அப்பாவின் நம்பருக்குப் போகிறது. அப்பா சிங்கப்பூரில், ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்குகிறார். ஊர் சிம்மைக் கழற்றி வைத்து மாதக்கணக்காகிறது. சான்றிதழ் எங்கே என்றால் வாட்ஸ்அப்பில் இருக்கிறது, கட்டிலில் விரித்து வைத்து எடுத்த போட்டோவாக, ஓரத்தில் பெட்ஷீட்டின் ரோஜாப்பூ தெரிய.

அரை மணி நேர வேலை மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த மூன்று மணி நேரத்தில், பெஞ்சில் உட்கார்ந்தபடியே, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடப் பிரிவு விழா வீடியோக்களை வெட்டி ஒட்டி, பாட்டைச் சேர்த்து, தாளத்துக்குத் தக்கபடி எழுத்தை ஓடவிட்டு, தோழிகளுக்கு அனுப்பியும் விட்டது. என்னால் அதைச் செய்ய முடியாது. கற்றுக்கொடுத்தாலும் வராது என்றுதான் நினைக்கிறேன்.

ஆக, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்கிறவர்களும் என் கடைக்கு வந்து பார்க்கலாம், பிறக்கும்போதே எல்லாம் தெரிந்துதான் பிறக்கின்றன என்கிறவர்களும் வந்து பார்க்கலாம். இரண்டாவது கட்சிக்குப் பெயர் கொடுத்தவர் மார்க் பிரென்ஸ்கி என்கிற அமெரிக்கர். 2001இல் 'டிஜிட்டல் நேட்டிவ்' என்ற சொல்லைக் கிளப்பிவிட்டார், கணினிக்கும் செல்போனுக்கும் நடுவில் வளர்கிற பிள்ளைகளுக்கு அது தாய்மொழி மாதிரி வந்துவிடும் என்ற அர்த்தத்தில். பிறகு நடந்த சோதனைகள் அப்படிச் சொல்லவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணினி முன்னால் உட்காரவைத்துப் பல நாடுகளில் நடத்துகிற ஐசிஐஎல்எஸ் என்றொரு மதிப்பீடு இருக்கிறது. 2018இல் அதில் உச்ச நிலையைத் தொட்டவர்கள் 2 சதவீதம்தான். அதில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. டென்மார்க், தென் கொரியா, ஜெர்மனி, அமெரிக்கா மாதிரி நாடுகளில் எடுத்த கணக்கு இது. அங்கேயே அப்படி.

ஐரோப்பியர்கள் 2013இல் டிஜிகாம்ப் என்று ஒரு சட்டகம் போட்டார்கள். தகவலைத் தேடி எடைபோடுவது, பிறரோடு சேர்ந்து வேலை செய்வது, புதிதாக ஒன்றை உருவாக்குவது, பாதுகாப்பு, சிக்கல் வந்தால் தீர்ப்பது என்று ஐந்து பகுதி, அதற்குள் 21 திறன். நல்ல சட்டகம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடை நடத்துகிறவனுக்கு ஒரே ஒரு அளவுகோல் போதும்: இந்தப் பிள்ளை தன் பெயரில் ஒரு காரியத்தைத் தொடங்கி, தானே முடித்து, ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால் எடுத்துக்காட்டுமா? அதற்கு என்னைத் தேட வேண்டியிருந்தால் அந்தத் திறன் என்னிடம்தான் இருக்கிறது, பிள்ளையிடம் இல்லை. என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2018இல் புதிய பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடு வந்தது, 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி, 2022 மார்ச்சில் நான் முதல்வன், 2023இல் மணற்கேணி செயலி. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் 6,029இல் ஹைடெக் லேப் என்கிற கணினி அறை, ஆரம்ப, நடுநிலைப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறை என்று திட்டம். 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருடத்தில் மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாக அறிவித்து 2,000 கோடி ஒதுக்கினார்கள். இந்த அளவுக்கு வேறு எத்தனை மாநிலம் செய்திருக்கும் என்று விரல் விட்டுத்தான் எண்ண வேண்டும்.

மடிக்கணினியைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். விற்றுவிட்டார்கள், படம்தான் பார்த்தார்கள், பேட்டரி போய் பீரோவுக்கு மேலே கிடக்கிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் என் கடைக்கு வந்து போன பிள்ளைகளில், தானாக விண்ணப்பம் போடத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வீட்டில் அந்தப் பெட்டி கிடந்தவர்கள். இதில் மர்மம் ஒன்றுமில்லை. போன் என்பது பெரும்பாலும் ஒருவர் சமைத்துத் தட்டில் போட்டதைச் சாப்பிடுகிற இடம். எந்தப் படம் எங்கே சேமிப்பாகிறது, ஒரு பைல் என்றால் என்ன, அதற்குப் பெயர் வைப்பது எதற்கு என்பதையெல்லாம் போன் கண்ணில் காட்டாது, காட்டாமல் இருப்பதுதான் அதன் வசதியே. கம்ப்யூட்டர் அடுப்படி மாதிரி. பாத்திரம் எங்கே, பருப்பு எங்கே என்று தெரியாமல் ஒன்றும் நடக்காது. பத்தாம் வகுப்பு வரைக்கும் போனில் மட்டுமே வளர்ந்த பிள்ளையிடம் "அதை டெஸ்க்டாப்பில் சேவ் பண்ணு" என்றால் சுற்றுமுற்றும் பார்க்கிறது. அதன் தப்பில்லை, அடுப்படிக்குள் விட்டதே இல்லை.

பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கலாமே என்றால், அங்கே பாடமும் இருக்கிறது, லேபும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தை எடுத்துப் பாருங்கள், காட்சித் தொடர்பு என்று தலைப்பு. ஸ்கிராட்ச் என்கிற மென்பொருளில் குழந்தைகளே கதையும் விளையாட்டும் உருவாக்குவதைப் பற்றியது. அருமையான பாடம். ஆனால் கடைசிப் பாடம். பொதுத்தேர்வு நெருங்குகிற நேரத்தில் கடைசிப் பாடத்துக்கு என்ன கதி என்று ஆசிரியர்களுக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். செய்து பார்க்க வேண்டியதைக் கோடிட்ட இடத்தை நிரப்புக என்று மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். நீச்சலுக்கு எழுத்துத் தேர்வு வைத்த மாதிரி. அப்புறம், ஆசிரியர்களைக் கேட்டால் அவர்கள் பாடு தனிக்கதை. வருகைப்பதிவு ஒரு செயலி, விவரப்பதிவு ஒரு தளம், நெட் கிடைத்தால் ஏற்ற வேண்டும், கிடைக்காவிட்டால் ராத்திரி வீட்டிலிருந்து. அவர்களில் பலரும் என் கடைக்கு வருகிறவர்கள்தான்.

இனி, பெண்பிள்ளைகள் விஷயம். கிராமப்புறத்து 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளை வைத்து 2023இல், பிள்ளைகளின் படிப்பை அளக்கிற அசர் அமைப்பு ஒரு ஆய்வு செய்தது, 26 மாநிலங்களில் 28 மாவட்டங்கள், தமிழ்நாட்டிலிருந்து பெரம்பலூர். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது, உபயோகிக்கவும் தெரிகிறது. ஆனால் உபயோகிக்கத் தெரிந்தவர்களில், சொந்தமாகப் போன் வைத்திருக்கும் பையன்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8 சதவீதம். அலாரம் வை, மேப்பில் வழி கண்டுபிடி, ஒரு தகவலைத் தேடு, ஒரு வீடியோவைக் கண்டுபிடித்து அனுப்பு என்று கொடுத்த சின்னச் சின்ன வேலைகளிலும் பையன்கள்தான் முன்னால். எப்படி இல்லாமல் இருக்கும்? போன் அண்ணனுடையது, அல்லது அப்பாவுடையது. இவளுக்குக் கிடைப்பது அவர்கள் சாப்பிடுகிற நேரம். என் கடைக்கு வந்த அந்தப் பெண்பிள்ளை கையிலிருந்தது அம்மாவின் போன். கடன் வாங்கின பேனாவில் கையெழுத்துப் பழக முடியுமா என்ன.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை யோசிக்கும்போது எனக்குப் பெட்டியடிப் பையன்தான் ஞாபகத்துக்கு வருகிறான். வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பர்மா, இலங்கை, மலாயா என்று நகரத்தார் என்கிற செட்டிநாட்டு வணிகச் சமூகத்தார் கொண்டுவிக்கப் போன காலத்தில், அதாவது வியாபாரத்துக்குக் கடல் கடந்த காலத்தில், பையன்களைச் சின்ன வயதிலேயே கடைக்கு அனுப்பிவிடுவார்கள். கடையில் கடைசி ஆள் அவன்தான். பெருக்குவான், எடுபிடி வேலை பார்ப்பான், மேலாளின் கணக்குப் பெட்டிக்கு அடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான். அங்கிருந்து அடுத்தாள், அதற்கு மேல் கடையையே நடத்துகிற ஏஜெண்ட் என்று படிப்படியாகப் போக வேண்டும். ஏஜெண்டுக்கு வழக்கமாக மூன்று வருடத் தவணை, சம்பளச் சீட்டு என்கிற ஒப்பந்தம் எழுதித்தான் போவார். ரங்கூனில் நடக்கிற வரவுசெலவு ஐந்தொகையாக, அதாவது மொத்தக் கணக்கின் சுருக்கமாக, எழுதப்பட்டு கப்பலேறி இங்கே முதலாளி வீட்டுக்கு வரும். ஆயிரம் மைலுக்கு மேல் தாண்டி உட்கார்ந்திருக்கிறவர் அந்தக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு கடையின் நிலவரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அதற்காகத்தான் அந்தப் பயிற்சி. பையனுக்கு வாய்ப்பாடு வேண்டும், கீழ்வாய் இலக்கம் வேண்டும், அதாவது முந்திரி 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒரு பங்கு, மா 20இல் ஒரு பங்கு என்று பின்னங்களை வாயிலேயே பெருக்கத் தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், எழுதியதை யார் எப்போது கேட்டாலும் பேரேட்டில் பக்கத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். சாமான் அன்றைக்கும் சுலபமாகத்தான் கிடைத்தது, மை, கட்டைப்பேனா, ஒரு பெட்டி, அவ்வளவுதான். இன்றைக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் அந்தக் கணக்குப் பெட்டிகள் விற்பனைக்குக் கிடக்கின்றன, வரவேற்பறையில் அழகுக்கு வைக்க வாங்கிப்போகிறார்கள். அந்தப் பெட்டிக்கு அடியில் உட்கார்ந்திருந்த வருடங்களைத்தான் எந்தக் கடையிலும் வாங்க முடியவில்லை.

பழம்பெருமை பேசுவதாக நினைக்க வேண்டாம். அந்தப் பயிற்சி ஒரு சமூகத்துக்குள்ளேயே, ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் நடந்தது. அதே தெருவில் இருந்த மற்றவர்களுக்கும் அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் பெட்டியின் பக்கத்தில் இடமில்லை. ஹைடெக் லேப் அப்படி இல்லை, யாரும் உட்காரலாம், அதனால்தான் அது வீணாகும்போது எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். விண்ணப்பத் தளம் கேட்கிறது: சான்றிதழ் இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும். பிள்ளையின் போட்டோ 4 எம்பி. பெரும்பாலானவர்கள் உடனே "சைஸைக் குறைக்கும் ஆப்" என்று தேடி, முதலில் வருகிற ஏதோ ஒரு வெளிநாட்டுத் தளத்தில், ஆதார் அட்டையையும் சாதிச் சான்றிதழையும் சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள். யாருக்குக் கொடுத்தோம், அவன் அதை என்ன செய்வான் என்ற யோசனையே இல்லை. நான் இப்போதெல்லாம் பிள்ளைகளிடம் பேப்பரும் பென்சிலும் கொடுக்கிறேன். ஏ4 தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தால் அகலத்தில் 2,480 புள்ளி, உயரத்தில் 3,508 புள்ளி. பெருக்கிப் பார், ஏறக்குறைய 87 லட்சம் புள்ளி. கலர் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஆக அமுக்காமல் வைத்தால் 2 கோடியே 60 லட்சம் பைட்டுக்கு மேல். இப்போது டிபிஐயைப் பாதியாக்கு, 150. எவ்வளவு குறையும்? "பாதிண்ணே" என்கிறது எல்லாப் பிள்ளையும். இல்லை, அகலமும் பாதி, உயரமும் பாதி. அரையில் அரை கால். பெட்டியடிப் பையன் ஒப்பித்த அதே வாய்ப்பாடு. கருப்பு வெள்ளைப் படமாக (கிரேஸ்கேல்) மாற்றினால் புள்ளிக்கு மூன்று பைட் ஒன்றாகிறது, அதுவும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இதற்கு மேல் ஜேபெக் என்கிற பட வடிவம் அமுக்குகிறபோது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துக்கொள்கிறது, அதனால்தான் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பிய சான்றிதழில் முத்திரை மங்கிப்போகிறது, அதையே டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே வருகிறது. பத்து நிமிடப் பாடம். அதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு எந்த ஆப்பும் தேவையில்லை.

பெயர் வைப்பதும் அப்படித்தான். பிள்ளைகள் கொண்டுவருகிற பென்டிரைவில் எல்லாப் பைலும் ஐஎம்ஜி என்று தொடங்கி ஒரு முழம் நம்பராக இருக்கும். எது வருமானச் சான்றிதழ், எது பூனை என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். எங்கள் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார், விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகை, அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார், லட்சம் உருப்படி அளவுக்கு. 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. அங்கே ஒவ்வொன்றுக்கும் பட்டியல் போட்டார்கள், நுண்படம் எடுத்தார்கள், அப்புறம் கணினிக்குள் ஏற்றினார்கள். இன்றைக்கு எங்கிருந்தோ ஒரு ஆய்வாளர் ஒரு நோட்டீஸைத் தேடி எடுக்க முடிகிறது என்றால் அந்தப் பட்டியலால்தான். சேர்ப்பது ஒரு வேலை, தேடினால் கிடைக்கும்படி வைப்பது இன்னொரு வேலை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த இரண்டாவது வேலையைச் சொல்லிக்கொடுக்க லேப் கூட வேண்டாம்.

எதை நம்புவது என்பது அடுத்தது. இதில் அமெரிக்காவில் 2017இல் வெளிவந்த ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள், இவர்களிடம் சில இணையதளங்களைக் கொடுத்து நம்பலாமா என்று கேட்டார்கள். படித்த பேராசிரியர்களும் கெட்டிக்கார மாணவர்களும் அந்தத் தளத்துக்குள்ளேயே சுற்றி வந்தார்கள். லோகோ நன்றாக இருக்கிறது, மேற்கோள் இருக்கிறது, முகவரி கௌரவமாக இருக்கிறது என்று பல பேர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் தளத்தை முழுசாகப் படிக்கவே இல்லை. சட்டென்று வெளியே வந்து, நாலு ஜன்னலைத் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். சீக்கிரமும் முடித்தார்கள், சரியாகவும் சொன்னார்கள்.

இதை எங்கள் ஊர் ஆச்சிமாரிடம் சொன்னால் சிரிப்பார்கள். மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டிலேயே விசாரிக்கிறவர் யாராவது உண்டா? பக்கத்து வீட்டில் கேட்பார்கள், மளிகைக் கடையில் கேட்பார்கள், அந்த ஊரில் பெண் கொடுத்தவரிடம் கேட்பார்கள். வீட்டு முகப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. வாட்ஸ்அப்பில் வருகிறதை மட்டும் ஏனோ முகப்பைப் பார்த்தே நம்பிவிடுகிறோம், ஆச்சிமார் உட்பட.

ஏஐ வந்தபின் இது இன்னும் சிக்கல். சில மாதங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் 'செட்டிநாட்டு வீடுகள்' என்ற கட்டுரையை பிரிண்ட் எடுக்க வந்தான். தமிழ் பிசகில்லாமல், வழவழவென்று இருந்தது. நடுவில் ஒரு வரி: ஆத்தங்குடிக் கற்கள் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தன. தம்பிக்கு எந்த ஊர் என்றேன். ஆத்தங்குடி. சித்தப்பா என்ன வேலை பார்க்கிறார் என்றேன். கல்லுப் பட்டறையில்.

அந்தத் தரைக்கல்லை ஆத்தங்குடியிலேயேதான் செய்கிறார்கள். கண்ணாடியை அடியில் வைத்து, அச்சுச் சட்டத்தைப் பொருத்தி, கலர் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காய்ந்தபின் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த முகம்தான் பளபளப்பாக வருகிறது. அந்தப் பையன் இதையெல்லாம் கண்ணால் பார்த்தவன். ஏஐ ஏன் அப்படிச் சொன்னது என்றால், அது பார்த்ததைச் சொல்வதில்லை. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டுக் கோக்கிறது. செட்டிநாட்டு வீடு, தரை, கப்பல், இத்தாலி, இவையெல்லாம் சேர்ந்து வருகிற எழுத்து ஏராளம், ஏனென்றால் இத்தாலிப் பளிங்கும் பர்மா தேக்கும் உண்மையிலேயே இந்த வீடுகளுக்கு வந்தவை. பொய்யும் மெய்யும் ஒரே குரலில் வரும். பையனைத் திட்டவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, சித்தப்பாவிடம் கேட்டு நாலு வரி அவனையே எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தான், ஒற்றுப்பிழையோடு. கட்டுரையில் படிக்கும்படி இருந்தது அந்த நாலு வரிதான்.

எழுதுவது என்றதும் தமிழில் தட்டச்சு செய்வது. நம் பிள்ளைகளுக்குப் போனில் தமிழ் வருகிறது, அம்மா என்பதற்கு ஆங்கிலத்தில் அடித்தால் அதுவே மாற்றிக்கொள்கிறது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் கை கட்டிப்போகிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை இதற்காகவே யோசித்துச் செய்தது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும், 'ந'வுக்குப் பின் 'த' அடித்தாலும் அப்படியே. தமிழ் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை. இரண்டு வாரம் தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கை பழகிவிடும், ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் தட்டச்சு நிலையத்தில் லோயர், ஹையர் என்று பழகினார்களே, அந்த மாதிரி. இதைச் சொன்னால் "எதுக்குண்ணே, பேசினாலே அடிக்குதே" என்கிறார்கள். அதுவும் சரிதான், போட்டி போட முடியவில்லை. ஆனால் குரல் தட்டச்சு 'ழ'வையும் 'ள'வையும் குழப்பிவைத்ததைத் திருத்தவாவது விரல் வேண்டுமே.

பழைய எழுத்துருப் பிரச்சினை வேறு. பாமினியிலும் வானவில்லிலும் அடித்த பைலை இன்னொரு கணினியில் திறந்தால் கோழி கிறுக்கின மாதிரி வரும். ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு ரகசியக் குறியீடு வைத்திருந்ததுதான் காரணம். யூனிகோடு வந்தபின் 'அ' என்றால் உலகம் முழுக்க ஒரே எண். இதில் ஒரு சந்தோஷமான செய்தி, 2019இல் வந்த யூனிகோடு 12ஆம் பதிப்பில் பழைய தமிழ்ப் பின்னங்களுக்கும் கணக்குக் குறிகளுக்கும் சேர்த்து 51 இடம் கொடுத்துவிட்டார்கள். பேரேட்டில் தாத்தாமார் மையால் எழுதிய முந்திரியும் காணியும் மாவும் இப்போது கணினிக்கும் தெரியும். அதை ஒரு வகுப்பில் காட்டினால் கணக்கு, வரலாறு, கணினி மூன்றும் ஒரே மணி நேரத்தில் ஆகிவிடும்.

பணம் சம்பந்தப்பட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உதவித்தொகை வந்திருக்கிறது, கியூஆரை ஸ்கேன் பண்ணிப் பின் நம்பர் போடுங்கள் என்று வருகிற அழைப்பில் பெற்றவர்கள் விழுகிறார்கள். பணம் வாங்குவதற்கு அந்தப் பின் நம்பர் தேவையில்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. இந்த ஒரு வரியைப் பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால் போதும். விழுந்துவிட்டால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே கூப்பிட வேண்டும், நாள் தள்ளினால் பணம் கைமாறிக்கொண்டே போய்விடும். பாஸ்வேர்டு விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் பத்தாம்பசலித்தனமாக இருக்கும்: எல்லாவற்றுக்கும் போன் நம்பரையே வைப்பதைவிட, நீளமாக ஒன்று வைத்து, வீட்டில் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைப்பது மேல். திருடன் பீரோவரைக்கும் வருவதற்குள் நாய் குரைக்கும்.

நானே செய்த தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். கடை தொடங்கிய புதிதில், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் என் கடை மெயிலையே போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் ஒரு பையனுக்கு வந்த கலந்தாய்வு அழைப்பு நூற்றுக்கணக்கான மெயிலுக்கு நடுவில் புதைந்துவிட்டது. நான் பார்த்தபோது தேதி போய்விட்டது. அவன் வேறு கல்லூரியில் சேர்ந்து, இப்போது நன்றாகத்தான் இருக்கிறான், வழியில் பார்த்தால் "என்னண்ணே" என்று சிரிப்பான். எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

அதற்குப் பின் ஒரு முறை வைத்திருக்கிறேன். கீபோர்டில் நான் கை வைப்பதில்லை. பிள்ளை உட்காரும், நான் பக்கத்தில் ஸ்டூலில். மெயில் ஐடி அதன் பெயரில், அதன் கையால். ஒரு போல்டர், அதற்குள் ஒவ்வொரு பைலும் இன்னது என்று பெயரோடு. சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை முழுவதும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருப்பது அப்போதுதான் கண்ணில் படும். நேரம் இரண்டு மடங்கு ஆகிறது, வெளியே நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள், சிலர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுக்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, வாடகை கொடுக்க வேண்டுமே.

அந்தப் பெட்ஷீட் போட்டோப் பிள்ளை இந்த மே மாதம் மறுபடியும் வந்தது, தம்பியின் பாலிடெக்னிக் விண்ணப்பத்துக்காக. பென்டிரைவ் அதனுடையது, பைல்களுக்குப் பெயர் இருந்தது, தம்பியைக் கீபோர்டு முன்னால் உட்காரவைத்துவிட்டுத் தான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டது. தளம் போட்டோவை இரண்டு தடவை திருப்பியடித்தது, மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. என்னை எதுவும் கேட்கவில்லை, நானும் எட்டிப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. போகும்போது "எவ்ளோண்ணே?" என்றது. கம்ப்யூட்டருக்கு முக்கால் மணி நேரம், பிரிண்ட் இரண்டு பக்கம். முப்பத்து நாலு ரூபாய்.